பெருந்தொகைக் கோப்புகளை அழிக்கும்போது: அறிகுறி வழியே பிழை நீக்கம்

வாளையாறு தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் நாங்கள் கவனித்துக்கொள்ளும் நெட்வொர்க் ஸ்டோரேஜில் இரண்டு வகைக் கோப்புகள் வந்து குவிகின்றன. ஆலைக் கேமராக்கள் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து அனுப்பும் சிறு படங்கள் ஒரு வகை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து தமிழிலும் மலையாளத்திலும் பெயரிட்டு வைத்த ஆவணங்கள் இன்னொரு வகை. முதல் வகை எண்ணிக்கையால் தொல்லை தருகிறது, இரண்டாவது வகை பெயரால் தொல்லை தருகிறது. கோடிக்கணக்கான கோப்புகளை அழிக்க வேண்டியவர்களுக்கு என்னென்ன தடைகள் எதிர்ப்படும், ஒவ்வொன்றுக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்பதை, கண்ணில் படும் அறிகுறியை வைத்தே இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அழிக்கும் கட்டளை தரவை அழிப்பதில்லை. கோப்புறையில் உள்ள பெயரைத்தான் நீக்குகிறது. பெயருக்குக் கீழே கோப்பின் விவரங்களைத் தாங்கும் பதிவான ஐநோட் இருக்கிறது, ஐநோட்டுக்குக் கீழே தரவுத் தொகுதிகள் இருக்கின்றன, அந்தத் தொகுதிகளை, ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டும் பற்றிக்கொண்டிருக்கலாம். பெயர் போன பிறகும் மற்றவை நிற்கலாம். ஆகவே ஏதாவது சிக்கினால் அதே கட்டளையை மறுபடி ஓட்டுவதற்கு முன், இந்த அடுக்குகளில் எது சிக்கியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொடங்கும் முன்

அழிக்க வேண்டிய கோப்புறையை முதலில் பெயர் மாற்றி, அதே வால்யூமுக்குள் (ஸ்டோரேஜில் தனியாகப் பிரித்த பகுதிக்குள்) ஓர் ஓரமாக நகர்த்தி வையுங்கள். உள்ளே ஒரு கோடிக் கோப்புகள் இருந்தாலும் இது நொடிப்பொழுதில் முடியும், ஏனெனில் மாறுவது மேலே உள்ள ஒரு பெயர் மட்டும்தான். ஓரிரு நாள் அப்படியே விட்டு வைத்தால், அந்தக் கோப்புகளை உண்மையில் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது வந்து சேரும் தொலைபேசி அழைப்புகளிலிருந்து தெரிந்துவிடும். ஆனால் வேறு வால்யூமுக்கு நகர்த்தினால் அது நகர்த்தலாக இராது. முழுவதையும் படியெடுத்துப் பிறகு அழிக்கும் வேலையாக மாறிவிடும். நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் சாதனத்தில் ஒரு க்யூட்ரீயிலிருந்து (வால்யூமின் உட்பிரிவிலிருந்து) இன்னொன்றுக்கு நகர்த்தினாலும் இதே கதைதான்.

அறிகுறி: ‘ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்’ என்ற செய்தி

கோப்புறைக்குள் நின்று, லினக்ஸில் அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு, ‘எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி கொடுத்தால் வருவது இது. குறை ஸ்டோரேஜில் இல்லை. நட்சத்திரத்தை எல்லாப் பெயர்களாகவும் விரிப்பது, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல். அப்படி விரிந்த பட்டியலை லினக்ஸின் உட்கருவான கெர்னல் ஏற்க மறுக்கிறது. வழக்கமான அமைப்பில் இந்த வரம்பு 2 எம்பி, அதாவது 8 எம்பி ஸ்டாக் (நினைவகப் பகுதி) அளவில் நான்கில் ஒரு பங்கு. ஒரு பெயர் பாதையோடு சேர்த்து 120 பைட் என்று வைத்தால் ஏறத்தாழ 16,000 கோப்புகளிலேயே வரம்பு முட்டிவிடும். தமிழ்ப் பெயர்கள் இன்னும் விரைவாக முட்டும். அதன் காரணத்தைப் பெயர்களைப் பற்றிய பகுதியில் பார்க்கலாம். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளையை டெலீட் விருப்பத்தோடு பயன்படுத்தினால் இந்த வரம்பு குறுக்கே வராது. அந்த விருப்பம் கட்டளையின் கடைசியில்தான் வர வேண்டும்; இதை நான் எப்படிக் கற்றேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறிகுறி: கட்டளை கொடுத்து ஒரு மணி நேரமாகியும் திரையில் அசைவே இல்லை

கட்டளை நின்றுவிட்டதா, மெதுவாக ஓடுகிறதா என்பதுதான் முதற் கேள்வி. பலர் இன்னொரு திரையைத் திறந்து, பட்டியல் காட்டும் எல்எஸ் கொடுத்துப் பார்க்கிறார்கள். அது கோப்புறை முழுவதையும் படித்து, அகர வரிசைப்படுத்தி முடித்த பிறகே முதல் வரியைக் காட்டும். வண்ணம் காட்டும் அமைப்பு இருந்தால் ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் தனித்தனியே கேட்கும். நோயாளிக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க அவர் மார்பின் மேலேயே ஏறி உட்கார்வது போன்றது இது. வரிசைப்படுத்தாமல் காட்டும் விருப்பத்தோடு எல்எஸ் கொடுக்கலாம். அதைவிட எளியது, இட அளவைக் காட்டும் டிஎஃப் கட்டளையை ஐநோட் எண்ணிக்கை காட்டும் விருப்பத்தோடு ஓட்டுவது. பயன்பாட்டில் உள்ள ஐநோட் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குறைந்திருந்தால் வேலை நடக்கிறது. வேறு யாரும் அதே நேரத்தில் பெருமளவில் எழுதவில்லை என்றால், இரண்டு எண்களின் வித்தியாசத்திலிருந்து வேகமும் கிடைத்துவிடும். எண்ணிக்கை அசையவில்லை என்றால் கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியை அந்தப் ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் கட்டளையின்) மேல் வைத்து, பெயரை நீக்கும் அன்லிங்க் அழைப்புகள் போகின்றனவா, அல்லது இன்னும் கோப்புறையைப் படித்துக்கொண்டேதான் இருக்கிறதா என்று காணலாம்.

ஓடுகிறது, ஆனால் மெதுவாக ஓடுகிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெட்வொர்க் வழியே கோப்புகளை அணுகும் முறையான என்எஃப்எஸ் வழியாக ஒரு கோப்பை அழிக்க, அதைத் தேட ஒரு கேள்வி, நீக்க ஒரு கேள்வி எனக் குறைந்தது இரண்டு முறை சர்வருக்குப் போய்த் திரும்புவதாகக் கொள்வோம். ஒரு முறை போய்வர அரை மில்லிசெகண்ட் ஆனால், ஒரு கோடிக் கோப்புகளுக்கு 10,000 செகண்ட், அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதே வேலையைக் கஞ்சிக்கோட்டு மேசையிலிருந்து சென்னையில் உள்ள டேட்டா சென்டரின் ஸ்டோரேஜ் மேல் ஓட்டி, போய்வர 10 மில்லிசெகண்ட் ஆனால் 2,00,000 செகண்ட். இரண்டு நாளுக்கும் மேல். இங்கே டிஸ்க்கின் வேகமோ நெட்வொர்க்கின் அகலமோ கணக்கிலேயே இல்லை, காத்திருக்கும் நேரம் மட்டும்தான். இதனால்தான் அழிக்கும் கட்டளையை ஸ்டோரேஜுக்கு மிக அருகில், அதே சுவிட்சில் இருக்கும் ஒரு லினக்ஸ் சர்வரிலிருந்து ஓட்ட வேண்டும் என்கிறோம். தொலைவிலிருந்து ஓட்டினால், நள்ளிரவில் லைன் ஒரு முறை துண்டித்தாலும் கட்டளை பாதியில் செத்துவிடும் என்பதால், லைன் போனாலும் கட்டளையை ஓட வைத்திருக்கும் ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸ் உள்ளே ஓட்டுவதும் அவசியம்.

காத்திருப்பு நேரத்தை வெல்ல ஒரே வழி, பல கேள்விகளை ஒரே சமயத்தில் அனுப்புவது. ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே கோப்புறைக்குள் இருக்கும் கோப்புகளை எட்டுப் ப்ராசஸ்கள் சேர்ந்து அழித்தால் வேகம் எட்டு மடங்காகாது, ஏனெனில் லினக்ஸ் ஒரு கோப்புறையில் பெயர்களை மாற்றும்போது அந்தக் கோப்புறையைப் பூட்டி வைக்கிறது. மற்ற ஏழும் வாசலில் நிற்கும். வெவ்வேறு கோப்புறைகளை வெவ்வேறு ப்ராசஸ்களுக்குக் கொடுத்தால்தான் பலன் உண்டு. படங்களை நாள்வாரியான கோப்புறைகளில் சேமிக்கச் சொல்லி ஆலைக்காரர்களோடு நான் மல்லுக்கட்டியது இதற்காகத்தான். சேமிக்கும் நாளில் செய்த ஒழுங்கு, அழிக்கும் நாளில் கை கொடுக்கிறது.

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் அழித்தால் அது முதலில் எல்லாவற்றையும் எண்ணி முடிக்கும், பிறகே தொடங்கும். எக்ஸ்ப்ளோரரை விட்டுவிட்டு, ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி, ரோபோகாப்பி கட்டளையின் மிரர் விருப்பத்தால் அந்த வெறுமையை இலக்கின் மேல் பிரதியெடுங்கள். பல இழைகளில் ஓடும் எம்டி விருப்பத்தின் இயல்பு மதிப்பு 8, உச்சம் 128. மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிடாமல் இரண்டு முறை படித்துப் பாருங்கள்.

அறிகுறி: அழிப்பு நன்றாக ஓடுகிறது, மற்றவர்களின் வேலை நின்றுவிட்டது

வேகத்தைக் கூட்டியவர் அடுத்துச் சந்திப்பது இதைத்தான். அழித்தல் முழுக்க முழுக்க மெட்டாடேட்டா (பெயர், ஐநோட் போன்ற விவரங்கள்) வேலை. கணக்குப் பிரிவில் ஒருவர் எக்ஸெல் கோப்பைத் திறக்க அரை நிமிடம் காத்திருந்தால், அவருடைய கேள்வியும் உங்கள் நீக்கல் கேள்விகளின் வரிசையில்தான் நிற்கிறது என்று பொருள். அயோநைஸ் போட்டு முன்னுரிமையைக் குறைத்துப் பார்த்தேன் என்று பலர் சொல்கிறார்கள். அது உள்ளூர் டிஸ்க்கின் வரிசையைத்தான் கட்டுப்படுத்தும், என்எஃப்எஸ் வழியாகப் போகும் கேள்விகளை அது தொடுவதே இல்லை. ப்ராசஸ் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது சில ஆயிரம் கோப்புகளுக்கு ஒரு முறை சற்று நிறுத்தும்படி எழுதுங்கள்.

இதைவிட நல்ல வழி, வேலையை ஸ்டோரேஜிடமே ஒப்படைப்பது. நெட்ஆப் சாதனங்களை இயக்கும் மென்பொருளான ஆன்டாப்பில் 9.8 பதிப்பு முதல் கோப்புறையை உள்ளிருந்தே பின்னணியில் அழிக்கும் அசிங்க் டெலீட் வசதி இருக்கிறது. முன்பு ஐசிலான் என்று அழைக்கப்பட்ட டெல் பவர்ஸ்கேலில் ட்ரீடெலீட் என்ற ஜாப் உண்டு. பல நோடுகளும் (அதன் சர்வர்களும்) பங்கிட்டுக்கொண்டு அழிக்கும், எவ்வளவு அழுத்தம் தரலாம் என்பதையும் தேர்ந்துகொள்ளலாம். கேள்விகள் நெட்வொர்க்கைக் கடப்பதே இல்லை என்பதால் முன்பு போட்ட காத்திருப்புக் கணக்கு முழுவதும் இங்கே பொருந்தாது. இன்னும் முன்னதாகவே யோசிக்க முடிந்தால், காலாவதியாகப் போகும் தரவுக்குத் தனி வால்யூமோ, இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் தனி டேட்டாசெட்டோ (தனிப் பிரிவோ) கொடுத்துவிடுங்கள். ஒரு கோடிப் பெயர்களை ஒவ்வொன்றாக நீக்குவதை விட டேட்டாசெட்டையே நீக்குவது மிக எளிது.

அறிகுறி: கோப்புகள் போய்விட்டன, இடம் மட்டும் திரும்பவில்லை

என்னை அதிக முறை இரவில் எழுப்பிய அறிகுறி இதுதான். “அண்ணா, எல்லாம் அழிச்சாச்சு, ஆனா எண்பத்தெட்டு சதவீதம் அப்படியே நிக்குது” என்று கொழிஞ்சாம்பாறைத் தம்பி அழைத்தால், நான் முதலில் கேட்பது ஸ்னாப்ஷாட்டைப் பற்றித்தான்.

அழித்த கோப்பின் தொகுதிகளை ஏதேனும் ஒரு ஸ்னாப்ஷாட் பற்றியிருந்தால், அவை கோப்புக் கணக்கிலிருந்து ஸ்னாப்ஷாட் கணக்குக்கு மாறுகின்றன, அவ்வளவுதான். ஆன்டாப்பின் இயல்பான கொள்கை மணிக்கு ஒன்றாக 6, நாளுக்கு ஒன்றாக 2, வாரத்துக்கு ஒன்றாக 2 என ஸ்னாப்ஷாட்களை வைத்திருக்கும். ஆகவே கை வைக்காமல் விட்டாலும் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இடம் தானாகவே திரும்பும். பொறுக்க முடிந்தால் பொறுத்திருங்கள் என்பதுதான் என் ஆலோசனை, ஏனெனில் அந்த இரண்டு வாரமே உங்கள் தவற்றைத் திருத்த உள்ள அவகாசமும்கூட. பொறுக்க முடியாதென்றால் பட்டியலைப் பார்த்து நீக்குங்கள். அங்கே ஒரு ஸ்னாப்ஷாட்டின் நேரே தெரியும் அளவை நம்பிக் கூட்டாதீர்கள். ஒரே தொகுதியை ஐந்து ஸ்னாப்ஷாட்கள் பற்றியிருந்தால், ஐந்தும் போன பிறகே அது விடுபடும். நான்கை நீக்கிவிட்டு ஒன்றும் மீளவில்லையே என்று திகைப்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். எவற்றைச் சேர்த்து நீக்கினால் எவ்வளவு மீளும் என்று கணக்கிட்டுச் சொல்லும் கட்டளை ஆன்டாப்பிலேயே இருக்கிறது. மாற்றுத் தளத்துக்குப் பிரதி அனுப்பும் ஏற்பாடு இருந்தால், அதற்கு அடித்தளமான ஸ்னாப்ஷாட்டை மட்டும் தொடக்கூடாது. அதை நீக்கினால் முழுப் பிரதியும் முதலிலிருந்து போக வேண்டியிருக்கும்.

ஸ்னாப்ஷாட் இல்லை என்று உறுதியான பிறகு மற்றவற்றைத் தேடுங்கள். விண்டோஸ் கணினிகளுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பா சர்வரில் ரீசைக்கிள் மாட்யூல் இயங்கினால், பயனர் அழித்தது எல்லாம் மறைவான ஒரு கோப்புறைக்கு நகர்ந்திருக்கும். ஒரே ஐநோட்டுக்கு ஹார்ட்லிங்க் ஆக வேறொரு பெயர் இருந்தால் நீங்கள் நீக்கியது ஒரு பெயரை மட்டும்தான். பேக்கப் கோப்புறைகளில் இது சாதாரணம். ஏதோ ஒரு ப்ராசஸ் கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும் இடம் விடாது. சர்வரில் எல்எஸ்ஓஎஃப் கருவியிடம் பெயரற்ற கோப்புகளைக் கேட்டால் யார் என்று காட்டும். ஒரே தரவை ஒரு முறை மட்டும் சேமிக்கும்படி டீடூப் செய்யப்பட்ட வால்யூமில் பத்துப் பிரதிகளில் ஒன்பதை அழித்தாலும் தொகுதி அப்படியே நிற்கும். இவை எதுவுமே இல்லையென்றால், ஸ்டோரேஜ் பின்னணியில் தொகுதிகளை விடுவித்துக்கொண்டிருக்கக்கூடும். இசட்எஃப்எஸ்ஸில் டேட்டாசெட்டை நீக்கிய பிறகு ஃப்ரீயிங் என்ற மதிப்பைப் பார்த்தால் இன்னும் எவ்வளவு பாக்கி என்பது தெரியும்.

அறிகுறி: ‘டைரக்டரி நாட் எம்ப்டி’, உள்ளே பார்த்தால் ஒன்றுமில்லை

மறைந்த கோப்புகளையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். புள்ளியில் தொடங்கி என்எஃப்எஸ் என்ற எழுத்துகளோடு நீண்ட எண் கொண்ட பெயர்கள் இருந்தால், அந்தக் கோப்புகளை என்எஃப்எஸ் க்ளையன்ட் ஒன்றில் இன்னும் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள். திறந்திருக்கும் கோப்பை அழிக்கச் சொன்னால் க்ளையன்ட் அதை இப்படிப் பெயர் மாற்றி ஒளித்துவைக்கும். மூடியதும் தானே அழிக்கும். அந்தப் பெயரை நீங்கள் அழித்தால் இன்னொரு பெயரோடு மறுபடி முளைக்கும். எந்த மெஷின் என்று கண்டுபிடித்து அங்கேதான் ப்ராசஸை நிறுத்த வேண்டும். அந்த மெஷின் ஏற்கனவே மின்தடையில் விழுந்துவிட்டிருந்தால் அந்தக் கோப்புக்கு இனி உரிமையாளர் இல்லை, தயக்கமின்றி அழிக்கலாம்.

அறிகுறி: ரூட் (முழு அதிகாரப் பயனர்) ஆக இருந்தும் உரிமை மறுப்பு

யூனிக்ஸ் உரிமை முறையில், அழிக்கத் தேவைப்படுவது கோப்பின் மேல் உள்ள உரிமையன்று. கோப்புறையில் எழுதும் உரிமை. அது சரியாக இருந்தால், ரூட் ஸ்க்வாஷ் அமைப்பால் சர்வர் உங்களை யாரோ ஒரு பெயரற்றவராகக் கருதுகிறதா என்று பாருங்கள். அடுத்து, கோப்பை மாற்றவோ அழிக்கவோ விடாத இம்மியூட்டபிள் குறி. கடைசியாக, அது காலவரையறையோடு பூட்டப்பட்ட வால்யூமா என்று கேளுங்கள். நெட்ஆப்பின் ஸ்னாப்லாக் கம்ப்ளையன்ஸ் வால்யூமில் தேதி வரும்வரை நிர்வாகியாலும் அழிக்க இயலாது, அதற்காகவே அது செய்யப்பட்டிருக்கிறது.

அறிகுறி: கண்ணுக்குத் தெரியும் பெயர் கட்டளைக்குத் தெரியவில்லை

ஆங்கிலப் பெயர்களோடு மட்டுமே வேலை செய்பவர்களுக்கு இது அரிது. எல்லையோரத்தில் இரு மொழிகளில் பெயரிடும் எங்களுக்கு அன்றாடம். ‘கொழிஞ்சாம்பாறை’ என்று தட்டச்சு செய்து அழிக்கச் சொன்னால் அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. பட்டியலிலோ அதே பெயர் கண் முன்னே நிற்கிறது. காரணம் முதல் எழுத்திலேயே இருக்கிறது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, பைட்களில் இரண்டும் வேறு. பழைய எழுத்துரு முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கருவிகளும், பெயர்களைப் பிரித்தே சேமித்த பழைய மேக் கணினிகளும் இரண்டாம் வடிவத்தை விட்டுச்சென்றிருக்கக்கூடும். இவையாவது ஒன்றுக்கொன்று சமம் என்று யூனிகோடே சொல்கிறது. ‘கௌ’ எழுதக் கொம்புக்குப் பின் ளகரத்தைத் தட்டியவர்களின் பெயர்களுக்கு அந்தச் சமமும் இல்லை. மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்களுக்கு) யூனிகோட் 5.1 பதிப்பில், 2008இல், தனிக் குறியீடுகள் வந்தன. அதற்கு முன் மெய்யும் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பானும் சேர்த்து எழுதினார்கள். அந்தப் பழைய பெயர்களும் புதிய பெயர்களும் கோப்பு முறைக்கு ஒன்றல்ல.

தீர்வு, பெயரைத் தட்டச்சு செய்யாமல் இருப்பதுதான். எல்எஸ் கட்டளையில் ஐநோட் எண்ணைக் கேட்டு வாங்கி, ஃபைண்ட் கட்டளைக்கு அந்த எண்ணைக் கொடுத்து அழியுங்கள். பெரிய பட்டியலாக இருந்தால், பெயர்களைக் கையால் தொடாமல் ஃபைண்டிலிருந்து நேராக, வெற்றுப் பைட்டால் பிரித்து, பட்டியலை வாங்கி வேறு கட்டளைக்குத் தரும் எக்ஸ்ஆர்க்ஸுக்கு அனுப்புங்கள்.

நீளமும் ஒரு வம்புதான். யூனிகோடைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘வேலந்தாவளம்’ என்ற பெயரை எழுத 11 குறியீடுகள், ஆக 33 பைட். லினக்ஸில் ஒரு பெயரின் உச்சம் 255 பைட் என்பதால், 85 குறியீடுகளைத் தாண்டினால் இடமில்லை. எல்லையில் நிற்கும் அத்தகைய பெயரோடு, ஒதுக்கிவைப்பதற்காகத் தேதியையும் சேர்த்து மாற்றப் போனால் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று திருப்பி அனுப்பும். விண்டோஸில் மறுபுறம் பாதை முழுவதுக்கும் 260 எழுத்து என்ற பழைய வரம்பு இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் தடுமாறும் அந்த ஆழத்திலும் ரோபோகாப்பி போய்வரும்.

அறிகுறி: அழிக்கப் போனால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட்’

இடம் வேண்டும் என்றுதான் அழிக்கவே வந்தோம், அழிக்கவும் இடமில்லை என்கிறது. இது பிழையன்று. இசட்எஃப்எஸ் போன்ற, பழைய தொகுதியின் மேலேயே எழுதாத கோப்பு முறைகளில், ஒரு பெயரை நீக்கவும் புதிய தொகுதி எழுதியாக வேண்டும். கோட்டாவில் (ஒதுக்கிய இட வரம்பில்) முட்டியிருந்தால் கோட்டாவைச் சிறிது உயர்த்துங்கள். மொத்த டிஸ்க் இடமான பூல் நிறைந்திருந்தால் ஸ்னாப்ஷாட் ஒன்றை நீக்குங்கள், அல்லது ஸ்னாப்ஷாட் பற்றியிராத ஒரு பெரிய கோப்பின் நீளத்தைச் சுழியமாக்குங்கள்; மூச்சுவிட வழி கிடைத்ததும் மற்றவற்றை அழிக்கலாம். இதே செய்தி இடம் ஏராளமாக இருக்கும்போது புதிய கோப்பை உருவாக்குபவருக்கு வந்தால், தீர்ந்துபோனது ஐநோட்.

அறிகுறி: வேறு எதுவோ அழிந்துவிட்டது

ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் 30 நாளைக் கடந்த தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்க, ஃபைண்ட் கட்டளையில் டெலீட் விருப்பத்தை முன்னால் எழுதி, பெயர், நாள் நிபந்தனைகளைப் பின்னால் எழுதினேன். ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும். நிபந்தனையைப் பார்ப்பதற்கு முன்பே, எதிரே வந்த ஒவ்வொன்றையும் அது அழித்துக்கொண்டே போனது. ஐநோட் எண்ணிக்கை வேண்டியதைவிட வேகமாகச் சரிவதைக் கண்ட பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து டெலீட் இருக்கும் இடத்தில் முதலில் ப்ரின்ட் என்று எழுதி, வெளிவரும் பட்டியலை ஒரு கோப்பில் வாங்கி, எண்ணிப் பார்த்து, தலையும் வாலும் படித்த பிறகே சொல்லை மாற்றுகிறேன்.

உங்களுக்கும் நேர்ந்தால் கட்டளையை உடனே நிறுத்துங்கள். ஸ்டோரேஜின் உள்ளே ஓடும் ஜாபாக இருந்தால் க்ளையன்ட்டில் நிறுத்தினால் போதாது, ஸ்டோரேஜிலேயே ரத்து செய்ய வேண்டும். அடுத்து, மீட்கத் தொடங்குவதற்கும் முன்பாக, அந்த வால்யூமின் ஸ்னாப்ஷாட் கொள்கையை வெறுமையாக்கி வையுங்கள். மணிக்கு ஒன்றாக ஆறு மட்டுமே வைக்கும் அமைப்பில், சம்பவத்துக்குச் சற்று முன் எடுத்த நல்ல ஸ்னாப்ஷாட் ஆறு மணி நேரத்தில் சுழற்சியில் போய்விடும். இரவு உணவுக்குப் போய்வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மிஞ்சுவது முந்தைய நள்ளிரவில் எடுத்த, நாளுக்கு ஒன்றான ஸ்னாப்ஷாட்தான், அன்றைய பகல் வேலை அதில் இராது. பிறகு மறைந்திருக்கும் ஸ்னாப்ஷாட் கோப்புறைக்குள் சென்று, உரிமைகளும் தேதிகளும் மாறாதபடி, படியெடுக்கும் ஆர்சிங்க் கொண்டு, முதலில் ஒரு சிறு கோப்புறையை மட்டும் எடுத்துத் திறந்து பாருங்கள். அது சரியாக இருந்த பின் மீதியை எடுங்கள். வால்யூம் முழுவதையும் அந்த நேரத்துக்குப் பின்னோக்கித் திருப்பும் வசதியும் இருக்கிறது, ஆனால் அதன் பிறகு மற்றவர்கள் எழுதியதெல்லாம் அதோடு போகும் என்பதால், கணக்குப் பிரிவையும் ஆலையையும் கேட்காமல் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.